வியர்த்தவர் யார்? – வியர்வைச் சொற்களும் கவிதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தளவாய்புரம் வியர்வையை நன்கு அறிந்த ஊர். செட்டியார்பட்டி, முகவூர் என்று நீளும் இவ்வட்டாரத்தில் நைட்டி தைக்கும் பொறிகள் ஓயாமல் ஓடுகின்றன. அருகே இராசபாளையத்தில் பஞ்சாலைகள். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகள். திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் அடுப்புகள். இப்படிப்பட்ட ஊரில் கவிதை எழுதுவோர் 'வியர்வை' என்னும் சொல்லை அடிக்கடி ஆள்வதில் வியப்பில்லை. ஆனால் அடிக்கடி ஆளப்படும் சொல் தேய்ந்துபோவதும் இயல்பே. 'வியர்வை முத்து', 'வியர்வை வெள்ளம்' என்று எழுதும்போது அந்த வியர்வை யாருடையது, எங்கே சுரந்தது, பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விகள் எழுவதே இல்லை. இச்சொல்லின் வரலாற்றையும் இலக்கணத்தையும் சற்றே ஆராய்ந்தால், கவிஞர்க்குப் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. வியர்வைக்கு ஒருகாலத்தில் எழுவாய் இருந்தது. இன்று அது இல்லை என்பதே அவ்வுண்மை.

சொல்லும் வடிவும்

வியர், வெயர், வேர் ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள். ஏட்டில் வியர்வை; பேச்சில் வேர்வை. மலையாளத்தில் வியர்ப்பு, கன்னடத்தில் பெவரு, துளுவில் பெகரு என்று இதன் உறவுச் சொற்கள் வழங்குகின்றன. தெலுங்கு மட்டும் விலகி நின்று 'செமட' என்னும். இராசபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் இவ்விரண்டு சொல்லையும் அறிவர்.

பெயர்ச்சொல் ஒன்றாயினும், அதனோடு சேரும் வினைகள் பல. வியர்வை அரும்பும், துளிர்க்கும், பொடிக்கும், பூக்கும். பிறகு வழியும், ஓடும், கொட்டும், ஊற்றும். முன்னவை செடிகொடிக்கு உரிய சொற்கள். பின்னவை மழைக்கும் ஆற்றுக்கும் உரியவை. அச்சம் வந்தால் 'குப்பென்று' வேர்க்கும். ஓடி வந்தவர் 'வேர்த்து விறுவிறுத்து' நிற்பார். உடை 'தொப்பலாக' நனையும். உலர்ந்தபின் சட்டை முதுகில் உப்புப் பூக்கும். வேனிலில் வேர்க்குரு கிளம்பும். காற்றில்லாத நாளில் உடல் கசகசக்கும், பிசுபிசுக்கும். இத்தனையும் மக்கள் நாவில் உயிரோடு இருக்கும்போது, கவிதையில் 'முத்து' ஒன்றே மீண்டும் மீண்டும் வருவது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

புழுக்கம் என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. நெல்லைப் புழுக்கினால் புழுங்கல் அரிசி. ஆவி வெளியேற வழியின்றி உள்ளே வேகும் நிலையே புழுக்கம். மூடிய அறைக்கும் மழைக்கு முந்திய மாலைக்கும் பொறாமை கொண்ட மனத்திற்கும் தமிழ் இந்த ஒரு சொல்லையே வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்து ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பர் உடலியலார். உடலைக் குளிர்விப்பது வியர்வை சுரப்பதன்று; அது உலர்வதே. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், உலராது, உடல் குளிராது. நூல் அறாமலிருக்கப் பஞ்சாலைக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். நெசவுக் கூடத்தில் அவ்வீரம் இன்னும் கூடுதலாக வேண்டும். நூலுக்கு நலம் தரும் அதே ஈரம் தொழிலாளியின் வியர்வையை உலரவிடுவதில்லை. வெயிலில் நிற்கும் உழவரின் வியர்வையும் ஆலைக்குள் நிற்பவரின் வியர்வையும் ஒன்றல்ல. ஒன்றுக்கு வெக்கை காரணம். மற்றொன்றுக்குப் புழுக்கம் காரணம்.

பழம்பாடல்களில் வியர்

சங்கப் பாடல்கள் மூன்றை ஈண்டு நினைவுகூரலாம்.

குறுந்தொகையின் 84ஆம் பாடல் மோசிகீரனார் பாடியது. தலைவனோடு மகள் உடன்போன பின் செவிலி புலம்புகிறாள். முன்பு ஒருமுறை அவளை மீண்டும் தழுவியபோது, தனக்கு வியர்க்கிறது என்று சொல்லி அவள் விலகினாள். அவ்விலக்கத்தின் பொருள் அன்று தாய்க்குத் தெரியவில்லை, இன்று தெரிகிறது. ஆம்பலினும் குளிர்ந்த உடலையுடைய மகளுக்கு அன்று வியர்த்திருக்க வழியில்லை. அவள் மனம் வேறொருவரிடம் சென்றுவிட்டது. வியர்வை அதை மறைக்கும் சாக்கு.

அகநானூற்றின் 136ஆம் பாடல் விற்றூற்று மூதெயினனார் பாடியது. அங்கே மணநாள் இரவு. புத்தாடையால் உடல் முழுதும் போர்த்து இருக்கிறாள் மணமகள். அவளுடைய நெற்றி வியர்வையைக் காற்று ஆற்றுமாறு போர்வையைச் சிறிது திறக்கும்படி வேண்டுகிறான் தலைவன். போர்வைக்குள் ஏற்படும் புழுக்கம், அதனால் எழும் வியர், அதை ஆற்றும் காற்று எனக் காரணமும் விளைவும் தீர்வும் அங்கே தனித்தனியே சொல்லப்படுகின்றன. ஆயினும் தலைவனின் கருத்து காற்று மட்டுமன்று என்பதைக் கற்போர் அறிவர். ஒருத்திக்கு வியர்வை விலகுவதற்குச் சாக்கு. ஒருவனுக்கு நெருங்குவதற்குச் சாக்கு.

நற்றிணையின் 120ஆம் பாடல் மாங்குடி கிழார் பாடியது. தலைவி அட்டிலில் வாளை மீனை அறுத்துச் சமைக்கிறாள். அடுப்புப் புகையால் கண் கலங்குகிறது. நெற்றியில் நுண்ணிய துளிகளாக வியர் தோன்றுகிறது. அதை ஆடையின் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். பரத்தையிடமிருந்து திரும்பிய கணவன் அவளைப் பார்த்துக்கொண்டே, விருந்தினர் வரட்டும் என்று விரும்புகிறான். விருந்தினர் முன் அவள் சினம் கொள்ளமாட்டாள். முறுவலிப்பாள் என்பது அவன் கணக்கு. உழைப்பின் வியர்வையைத் துல்லியமாகக் காட்டும் பழந்தமிழ்ப் பாடல்களில் இது தலையாயது. அந்த உழைப்பு ஒரு பெண்ணின் சமையலறை உழைப்பு என்பதும், அதைக் காண்பவன் அவளுக்குக் குற்றம் இழைத்த கணவன் என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

இப்பாடல்களில் இலக்கணச் செய்திகள் இரண்டு உள்ளன. நற்றிணையில் வியர் எண்ணத்தக்க பொருள். சிறியவாய், நுண்ணியவாய், பலவாய்த் தோன்றுகிறது. இன்றைய 'வியர்வை'யோ எண்ண இயலாத பொருள். 'துளி' என்ற சொல்லைச் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டாவது செய்தி இதனினும் பெரியது. குறுந்தொகைத் தலைவி 'வியர்த்தனென்' என்கிறாள். அது தன்மை ஒருமை வினைமுற்று. 'யான்' என்னும் எழுவாய் அங்கே வெளிப்படையாக நிற்கிறது.

வள்ளுவரின் இரு வியர்ப்புகள்

திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தின் 487ஆம் குறள், பகைவர் தீங்கு செய்தவுடனே அறிவுடையோர் தம் சினத்தை வெளியே காட்டமாட்டார் என்கிறது. தக்க காலம் வரும்வரை உள்ளே வைத்திருப்பர். இச்சினத்திற்கு வள்ளுவர் ஆண்ட சொல் வேர்த்தல். அங்கும் வேர்ப்பவர் எழுவாயாகவே நிற்கின்றனர். புறத்தே வேர்ப்பதா, உள்ளே வேர்ப்பதா என்பது அவர்களின் தேர்வு.

ஊடலுவகை அதிகாரத்தின் 1328ஆம் குறளில் இச்சொல் வெயர்த்தல் என்னும் வடிவில் வருகிறது. கூடலில் நெற்றி வெயர்க்கிறது. அக்கூடலில் தோன்றும் இன்பத்தை உப்பு என்கிறார் வள்ளுவர். உப்பு என்றால் இங்கே இனிமை என்று உரை காண்பர். எனினும் வியர்வைக்கு அருகில் உப்பை வைத்தது தற்செயல் எனக் கொள்ள மனம் ஒப்பவில்லை.

சினத்திற்கும் காதலுக்கும் ஒரே சொல் அமைந்தது கற்பனையால் அன்று. கை, கால், நெற்றி ஆகிய இடங்கள் வெப்பமின்றி உணர்ச்சியாலும் வியர்க்கும் என்பது இன்றைய உடலியல். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் களவின் தொடக்க அடையாளங்களுள் நுதல் வியர்த்தலை வைத்தது. வடமொழி நாட்டிய நூலும் எட்டுச் சாத்துவிக பாவங்களுள் ஒன்றாகச் சுவேதத்தை, அதாவது வியர்வையை, எண்ணியது.

இப்போது நற்றிணைத் தலைவியை மீண்டும் பார்க்க வேண்டும். அடுப்பின் வெப்பத்தால் அவளுக்குப் புறத்தே வியர்க்கிறது. கணவன்மீது கொண்ட சினத்தால் அவள் அகத்தே வேர்க்கிறாள். ஒன்றைத் தலைப்பால் துடைத்துவிடலாம். மற்றொன்றை விருந்தினர் முன் அடக்கியே ஆகவேண்டும். உழைப்பும் சினமும் ஒரே சொல்லுக்குள் இருப்பதைத் தமிழ் மறக்காமல் வைத்திருக்கிறது.

'எனக்கு வியர்க்கிறது'

இன்று 'நான் வியர்க்கிறேன்' என்று எவரும் சொல்வதில்லை. 'எனக்கு வியர்க்கிறது' என்பதே வழக்கு. பசிக்கிறது, வலிக்கிறது, குளிர்கிறது என்பனவும் இவ்வாறே. வியர்ப்பவர் எழுவாய் இடத்திலிருந்து இறங்கி நான்காம் வேற்றுமைக்குச் சென்றுவிட்டார். வினைமுற்று அஃறிணை ஒருமையில் நிற்கிறது. 'என் முகம் வியர்த்தது' என்றால் எழுவாய் முகம், ஆள் அல்லர். நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் முதலில் கூறும் பொருள் கொடை. அப்பொருளை நீட்டிப் பார்த்தால், வியர்வை ஒருவருக்குத் தரப்படுவது, அவர் செய்வதன்று.

இது குறையன்று. உடல் தானே செய்யும் செயல்களை ஆளின் செயலாகச் சொல்லாமல் விடுவது நுட்பமான நோக்கே. ஆயின் இதன் விளைவு ஒன்று உண்டு. வியர்வையைச் செயலாகச் சொல்ல வேண்டியபோது தமிழ் வேறொரு வினையை நாட வேண்டியதாயிற்று. அதுவே 'சிந்துதல்'. 'அவன் வியர்வை சிந்தினான்' என்றால் எழுவாய் திரும்பி வருகிறது. உடனே பொருளும் மாறுகிறது. வெயிலில் சும்மா நின்றவர் வியர்வை சிந்தினார் என்று எவரும் சொல்லார். உழைத்தவரே சிந்துவார். வியர்ப்பது உடலின் நிகழ்ச்சி. சிந்துவது மனிதரின் செயல்.

ஃபின்னியமும் ஆங்கிலமும்

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளைச் சித்திய மொழிகள் என்று தாம் அழைத்த கூட்டத்தோடு உறவுபடுத்த முயன்றார். அக்கூட்டத்துள் ஃபின்லாந்தின் மொழியும் ஒன்று. அவ்வுறவை இன்றைய மொழியியலார் பொதுவாக ஏற்பதில்லை. ஆயினும் ஃபின்னியமும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. அதன் சொற்களும் உருபுகளை அடுக்கிக்கொண்டே வளர்பவை. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் பரிசு பெற்ற சிந்துவெளி ஆய்வறிஞர் அசுகோ பர்ப்போலா அந்நாட்டவரே. ஆகவே ஒப்புநோக்கிற்கு அம்மொழி அயலானதன்று.

ஃபின்னியத்தில் வியர்வை 'ஹிகி'. 'ஹிகொய்லென்' என்றால் 'வியர்க்கிறேன்'. தன்மை விகுதி வினையோடு ஒட்டி நிற்பது குறுந்தொகையின் வினைமுற்றை நினைவூட்டும். அதே மொழியில் 'மினுஆ ஹிகொய்லுத்தா' என்றும் கூறலாம். 'என்னை வியர்க்கச் செய்கிறது' என்பது அதன் பொருள். செய்வது எது என்று சொல்லப்படுவதில்லை. நம்பத்தகாத அளவு குளிர்ந்த நாட்டின் மொழி, வியர்ப்பவரை எழுவாயாக்கவும் எழுவாயிலிருந்து விடுவிக்கவும் இரு வழிகளை வைத்திருக்கிறது. புழுக்கமான வானிலைக்கு அவர்கள் வழங்கும் 'ஹியோஸ்தவா' என்னும் சொல்லும் 'வியர்க்கச் செய்வது' என்ற பொருளையே உடையது. 'தொப்பியில் வியர்வையோடு' என்றால் அங்கே கடுமையாக உழைப்பது.

அந்நாட்டில் வியர்வை தேடிப் பெறும் பேறு. ஏறத்தாழ 55 லட்சம் மக்களுக்கு 30 லட்சத்திற்கும் மேற்பட்ட சௌனாக்கள், அதாவது வெப்ப அறைகள், உள்ளன. 2020இல் யுனெஸ்கோ அம்மரபைப் பண்பாட்டு மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. காய்ந்த கற்கள்மேல் நீர் ஊற்றும்போது எழும் ஆவிக்கு 'லொய்லு' என்று பெயர். அதன் உறவுச் சொல் அங்கேரிய மொழியில் ஆன்மாவைக் குறிக்கும். தமிழ் மரபில் இதற்கு இணையானது வேது பிடித்தல். சித்த மருத்துவம் கூறும் 32 வகைப் புறமருத்துவங்களுள் வேதும் ஒன்று. நொச்சித் தழை இட்ட நீரின் ஆவியில் போர்வைக்குள் அமர்ந்து வியர்த்தெழுவது இன்றும் வீடுகளில் நடக்கிறது. வடக்கே இன்பமாகத் தேடப்படுவது இங்கே மருந்தாக ஏற்கப்படுகிறது.

ஆங்கிலத்தின் வரலாறு வேறு. 'ஸ்வெட்' என்னும் சொல் வடமொழிச் சுவேதத்தோடு ஒரே மூலத்தினின்று வந்தது. பழைய ஆங்கிலக் கவிதையில் அதன் அன்றைய வடிவம் குருதியையும் குறித்தது. பின்னாளில் அச்சொல் நாகரிகமற்றதாகக் கருதப்பட்டபோது, 'ஊடே மூச்சுவிடுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வழிச் சொல்லான 'பெர்ஸ்பயர்' அவைக்கு வந்தது. குதிரைக்கு ஒரு சொல், ஆணுக்கு ஒரு சொல், சீமாட்டிக்கு ஒரு சொல் என்று வகுத்துக் கூறும் கேலி வழக்கும் அங்கே உண்டு. வியர்வையைச் சாதி பிரித்த மொழி அது.

ஆனால் அதே ஆங்கிலம் மற்றொரு மொழி நேரே சொல்லாததைச் சொல்லிவிட்டது. அங்கே முதலாளி தொழிலாளியை 'ஸ்வெட்' செய்யலாம். வினை செயப்படுபொருளை ஏற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 'ஸ்வெட்டர்' என்ற சொல் குளிருக்கு அணியும் உடையை அன்று, குறைந்த கூலிக்கு நெடுநேரம் தைக்க வைத்த இடைத்தரகரைக் குறித்தது. 1888இல் பிரபுக்கள் அவை இம்முறையை ஆராயக் குழு அமைத்தது. 1890இல் அறிக்கை வந்தது. அச்சொல் பெரிதும் வழங்கியது தையல் தொழிலில் என்பது இவ்வூரார் அறியவேண்டிய செய்தி. வியர்த்தவர் யார் என்பதோடு வியர்க்க வைத்தவர் யார் என்பதையும் அவ்வினை கேட்டது.

கவிதைக்கு வேண்டுவது

இவற்றால் புலப்படுவது யாது? வியர்வையைக் குறித்துப் பேசும்போது மொழி மூன்று இடங்களில் மனிதரை நிறுத்துகிறது. அவர் செய்பவராக இருக்கலாம். நேர்வதை ஏற்பவராக இருக்கலாம். பிறரால் செய்விக்கப்படுபவராக இருக்கலாம். இம்மூன்றனுள் எது என்பதை முடிவுசெய்யாமல் எழுதப்படும் வியர்வைக் கவிதையில் மனிதரே காணாமற்போகிறார். 'வியர்வை முத்தாயிற்று' என்னும் தொடரில் எழுவாய் வியர்வை, பயனிலை முத்து, உழைத்தவருக்கு இடமே இல்லை. ஃபின்னியரும் வியர்வைத் துளியை 'ஹிகிஹெல்மி', வியர்வை முத்து என்றே கூறுவர். ஆங்கிலேயர் மணி என்பர். ஆதலின் அவ்வுவமை தமிழின் தனிச் சொத்தும் அன்று.

உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் கூறியதாக இப்னு மாஜா தொகுப்பில் உள்ள அறிவுரை. வியர்வை அங்கே உவமை அன்று, காலக்கெடு. உலர எடுக்கும் நேரம் கடனைத் திருப்பித் தர வேண்டிய நேரம் ஆகிறது. வியர்வையைப் புகழ்வதைவிட அது உலரும் நேரத்தைக் கணக்கிடுவது உழைப்பவருக்கு நெருக்கமான பேச்சு.

தையற்பொறியின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணை எழுத விரும்பும் கவிஞர் நற்றிணையிடம் பாடம் கேட்கலாம். அங்கே மீன் என்ன மீன் என்பது இருக்கிறது, புகை இருக்கிறது, துடைத்த துணி இருக்கிறது, அவளைப் பார்த்துக்கொண்டு தன் ஆதாயத்தைக் கணக்கிடும் கண்ணும் இருக்கிறது. தைப்பவள் தன் வியர்வை புதுத் துணியில் விழாமல் காத்துக்கொள்ள வேண்டும். கறைபட்ட துணி விலை போகாது. கழுத்தில் ஒரு பழந்துணி, கீழே ஒரு புதுத்துணி. இந்த இரண்டு துணிகளுக்கு நடுவில் இருக்கும் உண்மைக்கு எந்த முத்தும் ஈடாகாது. அவளுக்கு வியர்க்கிறதா, அவள் சிந்துகிறாளா, அவளை எவரேனும் வியர்க்க வைக்கிறார்களா, அவள் உள்ளே வேர்க்கிறாளா என்று ஒவ்வொரு வினையாக எடுத்துப் பார்த்தால் நான்கு வேறு கவிதைகள் பிறக்கும்.

பத்து ஆண்டுகளாகக் கவிதைகளைக் கேட்டும் திருத்தியும் வந்த இவ்வட்டம், இனி வாசிக்கப்படும் கவிதைகளில் 'வியர்வை' என்னும் சொல் வரும்போதெல்லாம் எழுதியவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: வியர்த்தவர் யார்? மோசிகீரனாரின் தலைவி 'யான்' என்று விடை சொன்னாள். இவ்வூரின் ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் உள்ளோர் அவ்வாறு சொல்வதற்குக் கவிதை இடம் தரவேண்டும்.